அளவில் அமைந்த கண்: இயல்பான பார்வை என்னும் கருத்தின் வரலாறு

முன்னுரை

கண்ணாடியின் துணை வேண்டாது சேய்மையில் உள்ளதையும் அண்மையில் உள்ளதையும் தெளிவாகக் காணும் கண்ணை மக்கள் 'நல்ல கண்' என்று வழங்குவர். அத்தகைய கண் ஒளியை எவ்வாறு குவிக்கிறது என்பது இன்று பள்ளிப் பாடநூலின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் செய்தியாகும். ஆயினும் அந்த ஒரு பக்கம் உருவாவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றில் வியப்பிற்குரிய ஒரு முரண் காணப்படுகிறது. குறையுள்ள பார்வைக்குத் துணைக்கருவி 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிடைத்துவிட்டது. குறையற்ற பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்னும் விளக்கம் 1604இல்தான் கிடைத்தது. குறையற்ற கண் எது என்னும் வரையறை 1864இல்தான் முழுமை பெற்றது. மருந்து முதலிலும் நலத்தின் இலக்கணம் இறுதியிலுமாக அமைந்த இவ்வரலாற்றை ஆராய்வதும், அவ்விலக்கணத்தோடு இந்திய மொழிகளின் பார்வைச் சொற்கள் எவ்வாறு பொருந்துகின்றன என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழங்கொள்கைகள்

கிரேக்க அறிஞர் யூக்ளிடு கி.மு. 300ஐ ஒட்டி எழுதிய ஒளியியல் நூலில், கண்ணிலிருந்து கதிர்கள் கூம்பு வடிவில் புறப்பட்டுப் பொருளைச் சென்று தொடுகின்றன என்று கொண்டார். இக்கொள்கை பிழையானது. எனினும் கதிர்கள் நேர்கோட்டில் செல்லும் என்னும் அதன் வடிவியல் அடிப்படை, கதிரின் திசையை மாற்றிக்கொண்ட பிற்காலத்தாருக்கும் பயன்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் காலென், கண்ணின் நடுவே பளிங்குபோல் அமைந்துள்ள விழிவில்லையே பார்வையின் தலைமை உறுப்பு என்றார். இக்கருத்து மேலைநாட்டு மருத்துவத்திலும் அரபு மருத்துவத்திலும் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது.

இந்தியச் சிந்தனை மரபிலும் இவ்வினா விரிவாக ஆராயப்பட்டது. நியாயக் கொள்கையினர் கண் தேயுவின் இயல்புடையது என்றும், அதன் கதிர் வெளிச்சென்று பொருளை அடைவதால் காட்சி பிறக்கிறது என்றும் கூறினர். இரவில் திரியும் விலங்குகளின் கண்களில் ஒளி தோன்றுவதை நியாய சூத்திரம் இதற்குச் சான்றாகக் காட்டுகிறது. பௌத்தர் இதனை மறுத்தனர். கண்ணும் காதும் மனமும் தம் பொருளைத் தொடாமலே அறிகின்றன என்பது வசுபந்துவின் அபிதர்மகோசம் கூறும் கருத்தாகும். கண்ணைப் பொறுத்தவரை சமணரும் பொருளைத் தொடாது அறியும் கொள்கையினரே ஆவர். மருத்துவ மரபில் சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் கண்ணின் மண்டலங்களையும் படலங்களையும் வகுத்துரைத்து, பார்வைக்குரிய பகுதியாகிய 'திருட்டி' மசூர்ப்பருப்பின் அளவினது என்று கூறுகிறது.

இம்மரபுகள் யாவும் கண் பொருளை எவ்வாறு எட்டுகிறது என்னும் வினாவையே முதன்மையாகக் கொண்டன. ஒருவருக்குத் தெளிவாகத் தோன்றும் பொருள் மற்றொருவருக்கு ஏன் மங்கித் தோன்றுகிறது என்பது அவற்றின் மைய வினாவாக அமையவில்லை. கதிர் சென்று தொடுவதாலோ பொருளை அறியும் ஆற்றலாலோ காட்சி பிறக்கிறது என்று கொண்டால், மங்கலான பார்வை அவ்வாற்றலின் தளர்ச்சி என்றே கொள்ளப்படும். அது வடிவ அளவின் பிறழ்ச்சியாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு அக்கொள்கைகளில் இடமில்லை.

கருவி முந்தியது

ஆற்றலின் தளர்ச்சி எனக் கருதப்பட்ட இக்குறைக்கு எளிய கண்ணாடிச் சில்லு ஒன்று தீர்வாக அமைந்தது. 1306இல் பிளாரன்சு நகரில் சமயச் சொற்பொழிவு ஆற்றிய சியோர்தானோ தா பீசா என்னும் துறவி, மூக்குக்கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் 20 ஆண்டுகள் ஆகவில்லை என்று குறிப்பிட்டார். இதனைக் கொண்டு அக்கருவி 1286ஐ ஒட்டி இத்தாலியில் தோன்றியது என்று வரலாற்றறிஞர் கணிப்பர். அவை முதியோர் படிப்பதற்குரிய குவிவில்லைகள் ஆகும். தொலைவுப் பார்வை மங்கியவர்க்குரிய குழிவில்லைகள் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கிற்கு வந்தன.

1462இல் மிலான் நகரக் கோமகன் பிரான்செசுக்கோ சுபோர்சா பிளாரன்சிலிருந்த தம் தூதருக்கு எழுதிய மடல் இவ்வகையில் அரிய ஆவணமாகும். மூன்று டசன் கண்ணாடிகளை அனுப்புமாறு அவர் அதில் கேட்கிறார். ஒரு டசன் தொலைவில் காண்பதற்கு உரியவை, அவை இளையோர்க்கு. ஒரு டசன் அருகில் காண்பதற்கு உரியவை, அவை முதியோர்க்கு. எஞ்சிய ஒரு டசன் பொதுவான பார்வைக்கு உரியவை. இயல்பான பார்வைக்கும் கண்ணாடி வேண்டப்பட்டது என்பது இன்று நகைப்பைத் தரலாம். ஆனால் இயல்பு எது, குறை எது என்று பிரித்தறியும் அளவுகோல் அக்காலத்தில் இல்லாததையே இம்மடல் உணர்த்துகிறது. எந்த வில்லை எவருக்குப் பொருந்தும் என்பது அணிந்து பார்த்து அறிய வேண்டியதாக இருந்தது. ஏன் பொருந்துகிறது என்பது எவருக்கும் தெரியவில்லை.

இக்கருவி விரைவிலேயே இந்தியாவிற்கும் வந்தது. விசயநகரப் பேரரசின் காலத்தில் வாழ்ந்து 1539இல் மறைந்த வியாசதீர்த்தர், மூக்குக்கண்ணாடியின் துணையால் ஓலைச்சுவடி படித்ததாகச் சோமநாதர் இயற்றிய வியாசயோகிசரிதம் கூறுகிறது. இந்தியாவில் மூக்குக்கண்ணாடியின் வரலாற்றை ஆராய்ந்த பி.கே. கோடே இச்சான்றினை எடுத்துக்காட்டியுள்ளார். இத்தாலியில் கோமகனுக்குப் பயன்பட்ட கருவி தென்னகத்தில் துறவிக்குப் பயன்பட்டது. கருவி இரு நாட்டிலும் இருந்தது. விளக்கம் அன்று இரு நாட்டிலும் இல்லை.

விழித்திரையில் விழும் உரு

விளக்கத்திற்கான முதற்படியை அமைத்தவர் பசுராவில் 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல்-ஹைதம் ஆவார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒளியியல் நூலில், ஒளி கண்ணிலிருந்து வெளியே செல்வதன்று, பொருளிலிருந்து கண்ணுக்குள் வருவதே என்று அவர் நிறுவினார். கதிரவனை நோக்கினால் கண் வருந்துவதும், பின்னர்க் கண்ணை மூடினாலும் அவ்வொளியின் சுவடு நிற்பதும் அவர் காட்டிய சான்றுகளுள் அடங்கும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது என்பது அவர் கண்ட மற்றோர் உண்மை.

இவ்வுண்மையே ஒரு சிக்கலையும் தோற்றுவித்தது. பொருளின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வரும் ஒளி கண்ணின் எல்லாப் புள்ளிகளிலும் விழுமாயின், கண்ணுக்குள் குழப்பமன்றி உரு எவ்வாறு தோன்றும்? கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்கள் மட்டுமே காட்சிக்குப் பயன்படுகின்றன என்று அவர் விடை கூறினார். காட்சியை உணரும் உறுப்பு விழிவில்லையே என்னும் காலெனின் கருத்தை அவரும் ஏற்றிருந்தார். எனவே கண்ணுக்குள் ஒளி வளைந்து குவிகிறது என்னும் முடிவுக்கு அவர் செல்லவில்லை.

1583இல் பாசல் நகர மருத்துவர் பெலிக்சு பிளாட்டர், காட்சியை உணர்வது விழித்திரையே என்றும், விழிவில்லை ஒளியைச் செலுத்தும் கண்ணாடி போன்றது மட்டுமே என்றும் எழுதினார். இக்கருத்தை ஏற்று, அதற்கு வடிவியல் விளக்கம் அளித்தவர் வானியலறிஞர் யோகான்னசு கெப்ளர். பிரபு ஒருவர் மூக்குக்கண்ணாடி ஏன் பயன் தருகிறது என்று கேட்ட வினாவும் கெப்ளரை இவ்வாய்வில் ஈடுபடுத்தியது. 1604இல் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூல் அவ்வினாவிற்கு விடை தந்தது. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வரும் கதிர்க்கூம்பு, கண்ணின் முன்பகுதியில் வளைந்து, விழித்திரையில் மீண்டும் ஒரே புள்ளியில் குவிகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வாறு நிகழ்வதால் விழித்திரையில் பொருளின் தலைகீழான உரு தோன்றுகிறது. செங்குத்துக் கதிர் மட்டுமன்றி, கண்மணியினூடே புகும் கதிர்கள் யாவும் பயன்படுகின்றன. கதிர்கள் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிட்டால் தொலைவுப் பொருள் மங்கும்; குழிவில்லை அதனைத் திருத்தும். குவியும் இடம் விழித்திரைக்குப் பின்னே அமையுமாயின் குவிவில்லை திருத்தும்.

சிசிலியைச் சேர்ந்த மௌரோலிக்கோ 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, கிட்டப்பார்வையும் முதியோர் பார்வையும் வில்லையின் வளைவு மிகுவதாலும் குறைவதாலும் நேர்வன என்று எழுதியிருந்தார். ஆனால் விழித்திரையில் உரு விழுவதை அவர் கூறவில்லை. அவர் நூலும் 1611இல்தான் அச்சேறியது. ஆகவே இயல்பான பார்வையின் முதல் முழு விளக்கம் கெப்ளருடையதே எனலாம். 1637இல் ரெனே தேக்கார்த்து, எருதின் கண்ணின் பின்புற உறையை நீக்கி, அங்கு மெல்லிய தாளைப் பொருத்தி, தலைகீழ் உருவினைக் கண்ணாரக் காணும் முறையை விளக்கினார். கருத்தளவில் கண்டறியப்பட்டது காட்சியளவிலும் உறுதிப்பட்டது.

அண்மைக்கு இசையும் கண்

கெப்ளரின் விளக்கம் மற்றொரு வினாவை எழுப்பியது. தொலைவிலுள்ள பொருளின் உரு விழித்திரையில் சரியாகக் குவியுமாயின், அருகிலுள்ள பொருளின் உரு அதற்குப் பின்னே குவிய வேண்டும். ஆனால் நல்ல கண் மலையையும் காண்கிறது. கையிலுள்ள ஏட்டையும் படிக்கிறது. கண்ணுக்குள் ஏதோ ஒன்று மாறினாலன்றி இது இயலாது. இம்மாற்றம் இன்று தமிழ்ப் பாடநூல்களில் 'விழி ஏற்பமைவு' எனப்படுகிறது.

மாறுவது எது என்பது 250 ஆண்டுகள் தீராத வழக்காக இருந்தது. விழிக்கோளம் நீள்கிறது என்றனர் சிலர். கருவிழியின் முன்படலம் வளைகிறது என்றனர் வேறு சிலர். வில்லை முன்னே நகர்கிறது என்றும், வில்லையின் வடிவமே மாறுகிறது என்றும் பிறர் கூறினர். இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கியவர் ஆங்கில அறிஞர் தாமசு யங். 1800 நவம்பரில் இலண்டன் இராயல் கழகத்தில் படிக்கப்பட்டு 1801இல் வெளிவந்த உரையில் அவர் தம் சோதனைகளை விளக்கினார். நீருக்குள் கண்ணைத் திறந்தால் முன்படலத்தின் ஒளிவளைக்கும் திறன் ஏறத்தாழ முழுதும் மறைந்துவிடும். யங் தம் கண்ணை நீரில் தோயவைத்து, இழந்த திறனை வேறொரு வில்லையால் ஈடுசெய்து பார்த்தார். அந்நிலையிலும் அண்மைக்கு இசையும் ஆற்றல் குறையவில்லை. எனவே மாறுவது முன்படலம் அன்று. பின்னர் விழிக்கோளத்தை மூக்கின்பால் திருப்பி, அதன் முன்னும் பின்னும் சிறு வளையங்களை அழுத்தி வைத்து, அது நீளுமாயின் அழுத்தத்தால் தோன்றும் ஒளிப்புள்ளி மாறும் என்று எதிர்நோக்கினார். அது மாறவில்லை. எனவே கோளமும் நீள்வதில்லை. கண்புரைக்காக வில்லை அகற்றப்பட்டவர்களிடம் அவ்வாற்றல் காணப்படவில்லை. எஞ்சியது விழிவில்லையின் வடிவமாற்றம் ஒன்றே.

இம்முடிவுக்கு நேரடிச் சான்று பின்னர்க் கிடைத்தது. ஒருவரின் கண்முன் மெழுகுவர்த்திச் சுடரைப் பிடித்தால், முன்படலத்திலும் வில்லையின் முன், பின் பரப்புகளிலும் அதன் எதிரொளி உருக்கள் தோன்றும். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 1823இல் இவற்றை விளக்கியிருந்தார். அருகிலுள்ள பொருளைக் கண் நோக்கும்போது வில்லையின் முன்பரப்பில் தோன்றும் உரு சிறுக்கிறது என்பதை ஒல்லாந்தரான கிராமரும், அவரை அறியாமலே செருமானியரான ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்சும் 1850களின் முற்பகுதியில் கண்டனர். பரப்பு மிகுதியாக வளைந்தாலன்றி உரு சிறுக்காது. 1855இல் ஹெல்ம்ஹோல்ட்சு இதன் இயக்கத்தை விளக்கினார். தொலைவை நோக்கும்போது வில்லையைச் சுற்றியுள்ள நுண்ணிழைகள் அதனை இழுத்துத் தட்டையாக வைத்திருக்கின்றன. அருகில் நோக்கும்போது சிலியரித் தசை சுருங்குகிறது. அதனால் இழைகள் தளர்கின்றன. வில்லை தன் மீள்திறத்தால் திரண்டு கொள்கிறது. தசை சுருங்குவதால் வில்லை இறுகுவதில்லை, விடுதலை பெறுகிறது என்பதே இவ்விளக்கத்தின் நுட்பமாகும்.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பேட்சு, விழிக்கோளத்தின் புறத்தசைகள் அதனை நீட்டுவதாலேயே ஏற்பமைவு நிகழ்கிறது என்றும், பயிற்சியால் கண்ணாடியை நீக்கிவிடலாம் என்றும் 1920இல் நூல் எழுதிப் பரப்பினார். யங் 1800இல் சோதித்து விலக்கிய கருத்தே அது என்பதை நோக்க, தீர்ந்த வழக்கும் மக்களின் விருப்பத்தால் மீண்டும் உயிர்பெறக்கூடும் என்பது புலனாகும்.

டோண்டர்சு வகுத்த எல்லை

உரு விழும் இடமும் ஏற்பமைவின் இயக்கமும் தெளிவான பின்னரும், 'நல்ல கண்' என்பதன் வரையறை தெளிவடையவில்லை. கிட்டப்பார்வையும் முதியோர் பார்வையும் ஒன்றற்கொன்று எதிரான குறைகள் என்றும், அவற்றின் இடையே நிற்பதே நல்ல கண் என்றும் மருத்துவர்கள் கருதி வந்தனர். ஒன்றுக்குக் குழிவில்லையும் மற்றதற்குக் குவிவில்லையும் பயன்பட்டமையால் அக்கருத்து பொருத்தமானதாகவே தோன்றியது. இளமையிலேயே குவிவில்லை வேண்டிய சிலரை 1813இல் இலண்டன் மருத்துவர் சேம்சு வேர் குறித்திருந்தார். எனினும் அவர்களை எவ்வகையில் அடக்குவது என்பது விளங்கவில்லை.

உட்ரெக்டு நகரப் பேராசிரியர் பிரான்சு கார்னெலிசு டோண்டர்சு இச்சிக்கலைத் தீர்த்தார். 1858 முதல் கட்டுரைகளாக வெளியிட்டு, 1864இல் இலண்டனில் பெருநூலாக வெளிவந்த அவர் ஆய்வு இரண்டு வினாக்களைத் தனித்தனியே பிரித்தது. முதலாவது, கண் ஓய்வுநிலையில் இருக்கும்போது, தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் எங்குக் குவிகின்றன என்பது. இரண்டாவது, அந்நிலையிலிருந்து அண்மைக்கு மாறும் ஆற்றல் எவ்வளவு என்பது. முன்னது கண்ணின் அமைப்பு. பின்னது கண்ணின் செயல்.

ஓய்வுநிலையில் இணைக்கதிர்கள் விழித்திரையிலேயே குவியும் கண்ணை அவர் 'எம்மெட்ரோப்பியா' உடையது என்றார். 'அளவில் அமைந்தது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் ஆக்கப்பட்டது. விழித்திரைக்கு முன்னே குவியின் கிட்டப்பார்வை. பின்னே குவியுமாறு அமையின் தூரப்பார்வை. கிட்டப்பார்வைக்கு எதிரானது இத்தூரப்பார்வையே ஆகும். முதியோர் பார்வை அன்று. முதியோர் பார்வை அமைப்பின் குறையன்று. வயதால் ஏற்பமைவு குறைவதன் விளைவு. அது மூவகைக் கண்களுக்கும் பொதுவானது. 10 வயதில் ஏறத்தாழ 7 செ.மீ. தொலைவில் வைத்துப் படிக்க இயலும் கண், 40 வயதைக் கடந்தபின் ஏட்டைத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாகிறது. நல்ல கண்ணும் முதுமையில் கண்ணாடி வேண்டுவது இதனாலேயாம்.

'இயல்பான கண்' என்னும் சொல்லை டோண்டர்சு தவிர்த்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அளவில் அமைந்த கண் நோயுற்றும் இருக்கலாம். அளவில் பிறழ்ந்த கண் முழு நலத்தோடும் இருக்கலாம். ஒளி குவியும் அளவும் உறுப்பின் நலமும் வேறு வேறு என்பது அவர் கருத்து. அவரோடு பணியாற்றிய ஹெர்மன் சுனெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டவணையையும் இவ்வாறே கொள்ள வேண்டும். 6 மீட்டர் தொலைவில் 5 கலைக் கோணம் கொள்ளும் எழுத்தைப் படிப்பவரின் பார்வை 6/6 எனப்படுகிறது. அது ஒப்பீட்டிற்கு வகுத்த அளவேயன்றிப் பார்வையின் உச்ச எல்லை அன்று. நலமுள்ள இளைஞர் பலர் அதனினும் நுண்ணிய எழுத்தைப் படிப்பர்.

இப்பாகுபாடு மக்கள் வாழ்வில் உடனே பயன் விளைத்தது. படிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் கண் வலித்து, எழுத்துகள் கலங்கித் தோன்றும் இளையோர் அந்நாளில் பலர் இருந்தனர். அவர்களுக்குக் கண்ணொளி குன்றிவருகிறது என்று அஞ்சிய மருத்துவர்கள், படிப்பையும் நுண்தொழிலையும் விட்டுவிடுமாறு அறிவுறுத்தினர். அவர்களிற் பெரும்பாலோர் தூரப்பார்வை உடையோர் என்றும், தொலைவைக் காணவே ஏற்பமைவைச் செலவிடும் அவர்களின் கண் அருகில் காணும்போது களைத்துவிடுகிறது என்றும் டோண்டர்சு காட்டினார். குவிவில்லை அணிந்தபின் அவர்கள் படிப்பையும் தொழிலையும் தொடர முடிந்தது. சிறுவர்க்கு நேரும் உட்சாய்ந்த மாறுகண் பலவற்றிற்கும் இக்குறையே காரணம் என்பதை அவர் வெளிப்படுத்தினார். இயல்பின் வரையறை தெளிந்தபோது, குருடாகும் என்று அஞ்சப்பட்ட கண்கள் நலமுள்ள கண்களாக மாறின.

அளவில் அமைவது எவ்வாறு

அளவில் அமைந்த கண் எத்துணை நுட்பமான பொருத்தத்தின் விளைவு என்பதை எண்களால் உணரலாம். வில்லையின் திறனை அளக்கும் 'டையாப்டர்' என்னும் அலகை 1872இல் பிரெஞ்சு மருத்துவர் மொனோயே முன்மொழிந்தார். அவ்வலகில் முழுக் கண்ணின் திறன் ஏறத்தாழ 60. அதில் 43 அளவு முன்படலத்திற்கு உரியது. எஞ்சியதன் பெரும்பகுதி வில்லையினுடையது. ஒளியைப் பெரிதும் வளைப்பது வில்லை அன்று, முன்படலமே என்பது இதனால் விளங்கும். வளர்ந்தவர் கண்ணின் நீளம் ஏறத்தாழ 24 மி.மீ. அந்நீளம் 1 மி.மீ. கூடினாலும் 2.5 டையாப்டர் அளவிற்குக் கிட்டப்பார்வை நேரும்.

பிறந்த குழந்தையின் கண் ஏறத்தாழ 17 மி.மீ. நீளமே உடையது. பெரும்பாலான குழந்தைகள் சிறிதளவு தூரப்பார்வையோடு பிறக்கின்றன. கண் நீளுந்தோறும் முன்படலமும் வில்லையும் தட்டையாகி வருவதால், பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திற்குள் பெரும்பாலோரின் கண் அளவில் அமைகிறது. 1909இல் இத்தகைய அமைவிற்கு எம்மெட்ரோப்பியாவை எய்துதல் என்னும் பொருள்படப் பெயரிட்டவர் ஒல்லாந்து அறிஞர் சுட்ராப். 1957இல் இங்கிலாந்து அறிஞர் ஆர்னால்டு சார்சுபி, கண்ணின் உறுப்புகள் ஒன்றற்கொன்று இணங்கி அமைவதை அளவீடுகளால் காட்டினார்.

இவ்விணக்கத்தை ஆள்வது கண்ணில் விழும் உருவே என்பது பின்னர்த் தெரியவந்தது. 1977இல் வீசலும் ரவியோலாவும் குரங்குக் குட்டிகளின் இமைகளைத் தைத்து மூடியபோது, மூடிய கண்கள் மிகுதியாக நீண்டு கிட்டப்பார்வை அடைந்தன. 1988இல் செப்பல், கிளாசர், ஹவ்லண்டு ஆகியோர் கோழிக்குஞ்சுகளுக்கு வில்லைகளை அணிவித்தபோது, அவ்வில்லைக்கு ஏற்பவே கண்கள் வளர்ந்தன. அளவில் அமைந்த கண் பிறவிப்பேறு மட்டுமன்று. கண்டு கண்டு வளர்ந்த வளர்ச்சியின் பயனுமாகும். சேம்சு வேர் 1813இலேயே, ஆக்சுபோர்டின் ஒரு கல்லூரியில் 127 மாணவரில் 32 பேர் பார்வைக்கருவி பயன்படுத்தியதையும், காவற்படை வீரரிடையே கிட்டப்பார்வை மிக அரிதாக இருந்ததையும் குறித்திருந்தார். வளரும் கண்ணின் அளவைச் சூழலும் உருவாக்குகிறது என்னும் இக்கால முடிவுக்கு அக்குறிப்பு முன்னோடியாக அமைகிறது.

இந்திய மொழிகளின் பார்வைச் சொற்கள்

டோண்டர்சு பிரித்துக் காட்டிய இரண்டனுள் ஒன்றை இந்திய மொழிகளின் வழக்கு தனித்தே பெயரிட்டு வைத்திருந்தது. தமிழில் 'வெள்ளெழுத்து' என்னும் சொல் முதுமையில் அண்மைப் பார்வை மங்குவதைக் குறிக்கிறது. எழுத்தின் கருமை வெளுத்துத் தோன்றும் பட்டறிவிலிருந்து அது பிறந்தது எனலாம். மலையாளத்திலும் இச்சொல் உண்டு. தமிழில் வழங்கும் 'சாளேசரம்', மராத்தியின் 'சாளிசி', கன்னடத்தின் 'சாளீசு', தெலுங்கின் 'சத்வாரம்' ஆகியவை நாற்பது என்னும் எண்ணுப்பெயரோடு தொடர்புடையவை. மராத்தியிலும் கன்னடத்திலும் இச்சொற்கள் மூக்குக்கண்ணாடியையே குறிக்கவும் வழங்குகின்றன. இக்குறை நோயால் வருவதன்று, நாற்பதாம் அகவையில் யாவர்க்கும் வருவது என்னும் தெளிவு இப்பெயரீட்டில் பொதிந்துள்ளது.

பாடநூல் வழி வந்த 'கிட்டப்பார்வை', 'தூரப்பார்வை' என்னும் சொற்கள் வேறு அமைப்பின. அவை ஒருவருக்கு எது தெரியும் என்பதைச் சொல்கின்றன. எது தெரியாது என்பதைச் சொல்வதில்லை. இதனால் மாணவர் அவற்றை மாற்றிப் பொருள்கொள்வதுண்டு. அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் வெள்ளெழுத்தும் தூரப்பார்வை என்றே சொல்லப்படுவதால், 1864இல் பிரிந்த இரு கருத்துகள் ஒரே சொல்லில் மீண்டும் கலந்துவிடுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் முதியோர் பார்வைக்கு வெள்ளெழுத்து என்னும் சொல்லையே ஆண்டு, இக்கலப்பைத் தவிர்த்துள்ளன.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தியன்று. தூரப்பார்வை உடைய சிறுவன் தன் ஏற்பமைவின் வலிமையால் பள்ளிச் சோதனையில் 6/6 எழுத்தையும் படித்துவிடக் கூடும். ஆனால் ஏட்டின்முன் அமர்ந்தால் தலைவலி கொள்வான். தூரப்பார்வை முதியோர்க்கு உரியது என்று எண்ணும் பெற்றோரும் ஆசிரியரும் அவனைச் சோம்பேறி என்று கருதிவிடுவர். மறுபுறத்தில், நாற்பதைக் கடந்த தொழிலாளர் பலர் வெள்ளெழுத்தை முதுமையின் தவிர்க்கவியலா இழப்பாகக் கொண்டு கண்ணாடியின்றியே காலங்கழிக்கின்றனர். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், அண்மைப் பார்வைக்குரிய கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுதியாக உயர்ந்தது. அவர்கள் கண்கள் நோயுற்றவை அல்ல. அகவைக்கேற்ற இயல்பில் இருந்தவையே.

முடிவுரை

இயல்பான பார்வையின் வரலாறு மூன்று படிகளாக அமைந்துள்ளது. ஒளி எங்குக் குவிகிறது என்பதைக் கெப்ளர் காட்டினார். அண்மைக்கு ஏற்பக் கண் எவ்வாறு மாறுகிறது என்பதை யங்கும் ஹெல்ம்ஹோல்ட்சும் விளக்கினர். அமைப்பு வேறு, செயல் வேறு, நலம் வேறு என்று டோண்டர்சு பிரித்தார். இம்மூன்றும் கூடிய பின்னரே, ஏறத்தாழ 600 ஆண்டுகளாக அணிந்து பார்த்துத் தேர்ந்துவந்த கண்ணாடிகள் காரணம் அறிந்து வழங்கப்பட்டன. கண்ணாடி அணியாத கண் யாவும் அளவில் அமைந்ததன்று. கண்ணாடி அணிந்த கண் யாவும் குறையுடையதும் அன்று. இவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவுறச் சொல்வதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பிறப்போடும் வளர்ச்சியோடும் தொடர்புடைய அமைப்புக் குறைக்குத் தூரப்பார்வை என்னும் சொல்லையும், அகவையால் வருவதற்கு வெள்ளெழுத்து என்னும் சொல்லையும் வரையறுத்து ஆள்வதே போதுமானது. பாடநூல் ஆசிரியரும் கலைச்சொல் வகுப்போரும் மருத்துவரும் இதனை ஒருமித்து மேற்கொள்வாராயின், படிக்கச் சலிக்கும் சிறுவரின் துன்பமும் நாற்பதைக் கடந்த தொழிலாளரின் இழப்பும் உரிய காலத்தில் இனங்காணப்படும்.